கவுன்சிலர் பேசறேன்

கார்த்திகை 17, திங்கள்

மழை விட்டது. பத்து மணிக்கு வெயில் மாதிரி ஏதோ ஒன்று. எங்கள் மேட்டுத்தெரு காய்ந்துவிட்டது. கீழத்தெருவில் இன்னும் முழங்கால் தண்ணீர்.

இன்று:
பால் பாக்கெட் – கீழத்தெரு முழுக்கக் கொடுத்தாயிற்று.
பிரெட் – போதவில்லை.
தண்ணீர் இறைக்கும் மோட்டார் – வந்தது, டீசல் இல்லை. டீசல் வந்தபோது மோட்டார்காரர் சாப்பிடப் போயிருந்தார்.
கலா செருப்பு அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

நேற்று விடியற்காலை தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. தறிக்குழி வழியாக வந்திருக்கிறது. வீட்டுக்குள் படுத்திருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை. நெசவாளி கால் தொங்கப்போட்டு உட்காரும் குழி, இடுப்பளவு ஆழம். முதலில் அது நிரம்பி, பிறகு தரை, பிறகு பாய். கீழத்தெருவில் ஒரு குழி மிச்சமில்லை. தறியில் கட்டியிருந்த பாவு இழை எல்லாம் சேற்றுத் தண்ணீரில் ஊறி, பட்டா கோணிக் கயிறா என்று தெரியவில்லை.

கீழத்தெரு சபாபதி ஜி.எச்.சில், அரசு ஆஸ்பத்திரியில். தண்ணீர் சத்தம் கேட்டு எழுந்து, பாவைக் காப்பாற்றக் குழிக்குள் இறங்கியிருக்கிறான். மிதிபலகைக் கயிறை அவிழ்க்கும்போது ஊறியிருந்த பக்கச் சுவர் மேலே விழுந்தது. இடது கால். நான்தான் நாலு பேரோடு கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தேன். வழியெல்லாம் “பாவு, பாவு” என்றான். கல்யாணப் புடவை, அரக்கு நிறம்.

டீக்கடையில்:
“ஏரியத் தொறந்து உட்டாங்கபா. ஒரு வார்த்த சொல்லல.”
“சொன்னா இன்னா, நீ போயிருப்பியா?”
“சொல்லட்டும், அப்பால பாக்கலாம்.”

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

எழுதிவிடுகிறேன். இந்தக் கட்சி டைரியை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை.

சொன்னார்கள். சனிக்கிழமை நாலு மணிக்கு. எனக்குச் சொன்னார்கள்.

கார்த்திகை 18, செவ்வாய்

மேகம், தூறல் இல்லை. கொசு.

நேற்று அந்த வரியோடு பேனாவை மூடிவிட்டேன். இன்று முழுவதையும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை என் தறியில் புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். பழைய பாவின் முனையோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டுத் திரித்துச் சேர்க்கும் வேலை. நடுவில் எழுந்தால் கணக்கு தப்பும். போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

“கவுன்சிலர் பேசறேன்.”

கவுன்சிலர் கலா. என் மனைவி. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. நோட்டீசில் அவள் படம், கூட்டத்தில் அவளுக்கு நாற்காலி, போன் என் பாக்கெட்டில். ஜெயித்த நாளிலிருந்து அப்படித்தான். எல்லா வார்டிலும் அப்படித்தான். யாருக்கும் இது வினோதமாகத் தெரிந்ததில்லை, எனக்கும்.

பேசியது வார்டு ஆபீஸ் உதவிப் பொறியாளர், தமிழரசி. சின்னப் பெண். “ஏரியில இருந்து கூடுதலா தண்ணி விடறாங்க சார். கீழத்தெரு பூரா ஆறு மணிக்குள்ள ஸ்கூலுக்குப் போயிடணும். நான் அந்தாண்ட வார்டுக்கு மைக் எடுத்துனு போறேன். உங்க தெருவுக்கு நீங்க சொல்லிடுறீங்களா?”

“சொல்லிடறேம்மா.”

சொல்லவில்லை.

காரணம் ஒன்று இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு அற்பமான காரணம்.

ஐப்பசியில் ஒரு புயல் எச்சரிக்கை வந்தது. நான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். “உயிர் முக்கியம், பாவு முக்கியமில்லை” என்றெல்லாம் அடுக்குமொழி. கீழத்தெருவே தறியை அவிழ்த்தது. பாவைச் சுருட்டி உத்தரத்தில் கட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தார்கள். விடிந்தால் பளீரென்று வெயில். ஒரு சொட்டு விழவில்லை. அவிழ்த்த பாவைத் திரும்பப் பூட்டுவது லேசான வேலையா? சபாபதிக்கு இழை சிக்கிக்கொண்டு பத்து நாள் போனது. அவன் திட்டவில்லை. சிரித்தான். சிரித்துவிட்டு எனக்குப் ‘புயலு’ என்று பேர் வைத்தான்.

அன்றிலிருந்து டீக்கடைக்குப் போனால், “புயலு வரான், கொடைய எடுபா.” கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், “புயலு உக்காந்துட்டான், சாம்பார் கரை தாண்டிடப்போவுது.” சின்னப் பிள்ளைகள் வரை. நானும் கூடச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை போனை வைத்ததும் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. மறுபடி மைக் எடுத்து, மறுபடி வெயில் அடித்தால்? வந்தால் அவர்களுக்கே தெரியும் என்று நினைத்தேன். தலையைக் குனிந்து அடுத்த இழையைப் பிணைத்தேன். ஆறு மணிக்கு வேலை முடிந்தது. நல்ல பாவு. ஒரு முடிச்சு தப்பில்லை.

அவ்வளவுதான். கிண்டலுக்குப் பயந்தேன்.

இன்று நடந்தது: காலை ஆளுங்கட்சிக்காரர்கள் அரிசி மூட்டையோடு வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மதியம் எங்கள் கட்சி சாலை மறியல். டி.வி. கேமரா இரண்டு. கலா மைக் பிடித்தாள். எப்போதும் நான் எழுதிக் கொடுப்பதைத்தான் படிப்பாள். இன்று அவசரத்தில் எழுதவில்லை. பேப்பரே இல்லாமல் பேசினாள்.

“நான் இந்த வார்டு கவுன்சிலரு. எனக்கே ஒருத்தரும் சொல்லலியே! ஒரு போன் பண்ணியிருந்தா நான் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியிருக்க மாட்டேனா? சபாபதி அண்ணன் காலு போயிருக்குமா?”

பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி, “சம்சாரம் இன்னா பேச்சு பேசுது பாத்தியா” என்றார்.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வீட்டுக்கு வந்து கொல்லைப்புறம் போய் நின்று, போனில் சனிக்கிழமை அழைப்பைத் தேடினேன். அழிக்கவா என்று கேட்டது. அழித்தேன்.

கார்த்திகை 19, புதன்

வெயில். கீழத்தெரு நாற்றம் தாங்கவில்லை. பிளீச்சிங் பவுடர் கேட்க வேண்டும்.

ஜி.எச். போனேன். சாத்துக்குடி, பன். சபாபதி கால் கட்டுக்குள். மூன்று இடத்தில் உடைந்திருக்கிறதாம். நடக்கலாம், நாளாகும் என்கிறார் டாக்டர். சபாபதி அவரிடம் கேட்டது வேறு.

“மிதி மிதிக்கலாமா சார்?”

டாக்டருக்குப் புரியவில்லை. மல்லிகா, அவன் மனைவி, தன் காலை நீட்டி அழுத்திக் காட்டினாள். இப்படி, நாளெல்லாம். டாக்டர் “பாக்கலாம்மா” என்று அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மல்லிகா வெந்நீர் வாங்கப் போனதும் சபாபதி என் கையைப் பிடித்தான்.

“புயலு, ஒண்ணு சொல்லட்டா? படுத்துக்கினே யோசிச்சேன். நான் உன்ன ரொம்ப ஓட்டிட்டேன்ல?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லபா.”

“இல்லபா, கேளு. போன தபா நீ மைக் எடுத்துனு வந்தப்ப சிரிச்சோம். இந்தத் தபா உனக்கே ஒருத்தனும் சொல்லல. சொல்லியிருந்தா நீ சும்மா இருப்பியா? நாங்க இன்னா சிரிச்சாலும் மைக் எடுத்துனு வந்திருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா.”

பன் பொட்டலத்தைப் பிரித்தேன், மறுபடி கட்டினேன்.

“அந்தப் பாவு இன்னாச்சி?” என்றான். “காயவெச்சிருக்குது” என்றேன். அதுவும் பொய். குப்பையோடு அள்ளிப் போட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் தைக்கக் கொடுத்திருந்த கலா செருப்பை வாங்கினேன். தைத்த இடம் பிசிறாக இருந்தது. செருப்புக்காரரோடு சண்டை போட்டேன். தேவையில்லாத சண்டை. ஒரு நெசவாளிக்கு இடது கால் போக வைத்தவன், செருப்புத் தையலுக்கு நியாயம் பேசினேன்.

கார்த்திகை 20, வியாழன்

காலை பனி. தறியில் உட்கார்ந்தேன், ஒரு விரல் அகலம்கூட நெய்யவில்லை. அன்று பிணைத்த பாவு. மேட்டுத்தெரு என்பதால் என் குழியில் ஒரு சொட்டு இல்லை. கால் வைக்கவே பிடிக்கவில்லை.

டி.வி.யில் செய்தி. ‘எச்சரிக்கை தராத’ உதவிப் பொறியாளர் தற்காலிகப் பணிநீக்கம். தமிழரசி போட்டோ. அடையாள அட்டைக்கு எடுத்தது போல, கண் பிதுங்கி.

நாலு நாளாக ஆளுங்கட்சியும் நாங்களும் ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம். ஏரியை ஏன் திறந்தாய், கால்வாயை ஏன் நீ ஆண்டபோது தூர் வாரவில்லை. இன்று அவர்கள் “அதிகாரியின் அலட்சியம்” என்கிறார்கள். நாங்கள் “பார்த்தீர்களா, ஒப்புக்கொண்டார்கள்” என்கிறோம். இரண்டு பேருக்கும் நிம்மதி. நடுவில் அந்தப் பெண்.

மாலை எங்கள் நகரச் செயலாளர் வந்தார். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அவர் ‘நகரம்’தான். காபி குடித்தார். என்னை மட்டும் வாசலுக்கு அழைத்துப் போனார்.

“அந்தப் பொண்ணு போன் பண்ணேன்னு சொல்லுதாம்பா. அது போன்ல நம்பர் காட்டுதாம். ஒரு நிமிஷம்கூட இல்ல. நீதான எடுத்த?”

“நான்தான்.”

“இன்னா சொல்லுச்சி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். “தெருக்குழாய் விஷயமா இருக்குமோ? அவங்க டிபார்ட்மெண்டு அதுதானே.”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் தெரியும்.

“ஆமாங்க” என்றேன். “குழாய் விஷயம்.”

“அவ்ளோதான். திங்கக்கிழமை விசாரணை. தங்கச்சிய அதயே சொல்லச் சொல்லு. அடுத்த தபா மாமன்றம் இன்னா, சட்டமன்றமே போவலாம் தங்கச்சி. ஊரே அது பேச்சத்தான் பேசிக்கினு இருக்குது.”

கலா தம்ளரை எடுக்க வந்தவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

“குழாயா? எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“சின்ன விஷயம் கலா.”

“எல்லாம் சின்ன விஷயம்தான்” என்று தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

கார்த்திகை 21, வெள்ளி

வெயில். கோயிலுக்குப் போகவில்லை. கலா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

பதினோரு மணிக்கு ஒரு ஸ்கூட்டர். தமிழரசி. கலா நிவாரண முகாமில் இருந்தாள், வீட்டில் நான் மட்டும். “கவுன்சிலர் அம்மா இருக்காங்களா?” என்றாள்.

“இல்லம்மா, வர லேட்டாவும்.”

குரலைக் கேட்டதும் நின்றுவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். டி.வி.யில் பார்த்ததைவிடச் சின்னப் பெண்.

“நீங்கதானே சார்?”

உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள். வெயிலில் வந்தவள், இரண்டு தம்ளர்.

“நான் சண்ட போட வரல சார். அன்னைக்கு நானும் ஒரு தப்பு பண்ணேன். கவுன்சிலர் அம்மாகிட்டயே குடுங்கன்னு கேட்டிருக்கணும். கேக்கல. எல்லா வார்டுலயும் வீட்டுக்காரர்தான் சார் எடுப்பாங்க. அம்மாகிட்ட குடுங்கன்னு கேட்டா கோச்சிக்குவாங்க. அதனால பழகிடுச்சி.”

“நீ அந்தாண்ட வார்டுக்குப் போனியாமா?”

“போனேன் சார். மழையில மைக் வேல செய்யல. கத்திக்கினே போனேன். எல்லாரையும் ஸ்கூல்ல ஏத்திட்டோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல.” கொஞ்சம் நின்று, “இங்க நீங்க இருக்கீங்கன்னுதான் நான் வரல” என்றாள்.

என் வீட்டு வாசலில் நின்று ஒருவர் இதைவிட மோசமாக என்னைத் திட்டியதில்லை. அவள் திட்டவே இல்லை.

“திங்கக்கிழமை ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும் சார். எங்க வீட்ல அப்பாவுக்கு இன்னும் சொல்லல. டி.வி. வயர புடுங்கி வெச்சிருக்கோம்.”

“பாக்கலாம்மா.”

அந்த டாக்டர் சபாபதியிடம் சொன்ன அதே சொல். அவருக்காவது நிஜமாகவே தெரியவில்லை.

அவள் போனபிறகு பிளீச்சிங் பவுடர் வந்தது, பத்து பை. கையெழுத்துப் போட்டு வாங்கினேன், கலாவதி என்று. அவள் கையெழுத்து அவளைவிட எனக்கு நன்றாக வரும்.

கார்த்திகை 22, சனி

மேகமூட்டம். மின்சாரம் இரண்டு முறை போய்வந்தது.

சொன்னால்:
கலா ஊர் முன்னால் பொய்க்காரி ஆவாள். சொன்னது பொய்யில்லை என்றாலும்.
கட்சி எங்களைக் கழற்றிவிடும்.
சபாபதி.

சொல்லாவிட்டால்:
தமிழரசி.

எதிர்ப்பக்கம் ஒரு பெயர்தான், அதுவும் நாலு நாளுக்கு முன்பு முகம் தெரியாத பெயர். அப்படியும் மூன்று வரியுள்ள பக்கம் கனம் சாயவில்லை. பேப்பரைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், டைரியில் எழுதிவிட்டேன்.

மதியம் கலா, “திங்கக்கிழமைக்கு ஸ்டேட்மெண்ட் எழுதிக் குடுங்க” என்றாள். எழுதினேன். ‘மேற்படி நாளில் வெள்ள எச்சரிக்கை எதுவும் என்னிடம் தெரிவிக்கப்படவில்லை. வந்த அழைப்பு தெருக்குழாய் தொடர்பானது என அறிகிறேன்.’ முதல் வரி அவளுடையது. இரண்டாவது வரி என்னுடையது. ஒரே பேப்பரில், ஒரே மையில்.

அவள் இரண்டு தரம் படித்தாள்.

“அறிகிறேன்னா, யாரு சொல்லி அறிகிறேன்?”

“நான் சொல்லி.”

“அப்ப வீட்டுக்காரர் சொன்னாருன்னு எழுதவேண்டியதுதானே?”

“அப்படி எழுத முடியாது கலா. போன் உன்னுது.”

“என்னுதா?” என்று சிரித்தாள். பேப்பரை மடித்து வைத்தாள். பருப்பு ஊறப்போட்டிருந்ததைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “அந்த மறியல்ல பேசனப்ப எனக்கு எப்டி இருந்துச்சி தெரியுமா? மொத தபா நானே பேசறேன்னு இருந்துச்சி. நெஞ்சுல இருந்து வந்துச்சி. அதுல ஒண்ணும் தப்பு இல்லியே?”

“இல்ல” என்றேன்.

சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தெரிந்தே விட்டேன். வடை சுட்டாள், நாலு சாப்பிட்டேன்.

கார்த்திகை 23, ஞாயிறு

வெயில். முகாமில் கிச்சடி. ஜி.எச். போகவில்லை. மல்லிகா இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை.

கார்த்திகை 24, திங்கள்

காலை தூறல்.

விசாரணை பதினோரு மணி. கலா நீலப் பட்டு கட்டினாள், நான் நெய்தது. நகரம் எங்களோடு வரவில்லை, வெளியில் டீக்கடையில் இருந்தார். உள்ளே சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் என்றார்கள். கலா போனாள். தமிழரசி முன்பே உள்ளே இருந்தாள். நான் வராந்தா பெஞ்சில், போன் எப்போதும் போல என் சட்டைப் பாக்கெட்டில். கலா கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதைப் பற்றி இருவருக்கும் தோன்றவே இல்லை.

கதவு சாத்தியிருந்தது. பேச்சு கேட்டது, சொல் கேட்கவில்லை. அரை மணி இருக்கும். திடீரென்று தமிழரசி குரல் மட்டும் உயர்ந்தது.

“ஒரே ஒரு தடவ சார். அந்த நம்பருக்கு இப்பவே போன் போட்டுப் பாருங்க. கவுன்சிலர் அம்மா இங்கதான் உக்காந்திருக்காங்க. யாரு எடுக்கறாங்கன்னு பாருங்க.”

போன் அடித்தது. என் நெஞ்சில்.

எடுத்துப் பார்த்தேன். ஆபீஸ் நம்பர். எனக்கும் கதவுக்கும் நாலு அடி. அடிக்கும் சத்தம் உள்ளே கேட்டிருக்கும். துண்டித்துவிடலாம். அணைத்துவிடலாம். “ஹலோ, யாரு?” என்று கேட்டால்கூட ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன் என்று கலா சொல்லலாம். நாலு முறை அடித்தது.

“கவுன்சிலர் பேசறேன்.”

உள்ளே ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். என் குரல் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கே கேட்டது. தடித்த, அலட்சியமான குரல். இத்தனை நாள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேனா?

பிறகு போனிலும் கதவிலும் ஒன்றாகக் கலாவின் குரல்.

“கவுன்சிலர் இங்க இருக்காங்க. நீங்க யாரு பேசறது?”

எழுந்து கதவைத் திறந்து உள்ளே போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, நாலு மணி, பாவு பிணைத்தது, சொல்லிடறேம்மா என்றது, சொல்லாதது, அழித்தது, குழாய். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். காரணம் என்ன என்றார். கிண்டல் பண்ணுவாங்கன்னு சார் என்றேன். பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அதையும் எழுதினார்.

தமிழரசி அழுதாள். கலா அழவில்லை. என்னை ஒரு முறை பார்த்தாள், பிறகு கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

வெளியில் நகரம், “பழக்க தோஷத்துல ஒளறிட்டியேடா முட்டாள்” என்று பல்லைக் கடித்தார். மாலைக்குள் தெரு முழுக்க அப்படித்தான் பேச்சு. வாய் தவறி மாட்டிக்கொண்டான் என்று. கலாவும் அப்படித்தான் நினைக்கிறாளோ, கேட்கவில்லை.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். வாய் தவறவில்லை.

இதையும் பெருமைக்குத்தான் எழுதுகிறேனோ என்னவோ. பத்து நாள் கழித்து, தானே கதவைத் தட்டி உள்ளே போகாதவன், போன் அடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்.

கார்த்திகை 25, செவ்வாய்

காலையிலிருந்து கருக்கல். கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வாம்.

ஜி.எச். போனேன். சபாபதிக்குச் செய்தி எனக்கு முன்பே போய்விட்டிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மல்லிகா எழுந்து வெளியே போனாள். ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் ஒரே ஒரு முறை பேசினான், சுவரைப் பார்த்தபடி.

“நான் அவ்ளோவா சிரிச்சேன்?”

சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்தேன்.

வரும் வழியில் டீக்கடையைத் தாண்டினேன். யாரும் ‘புயலு’ என்று கூப்பிடவில்லை. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பேன்.

மதியம் சாப்பாடு தட்டில் வைத்து மூடியிருந்தது. நேற்றிலிருந்து கலா தேவைக்கு மட்டும் பேசுகிறாள். போன் அவள் இடுப்பில், புடவையில் செருகி.

மூன்றரைக்குப் போன் அடித்தது. என் கை பாக்கெட்டுக்குப் போனது, வெறும் பாக்கெட்.

அடுப்படியில் அவள் குரல். “கவுன்சிலர் பேசறேன். சொல்லுங்க. … எந்தத் தெரு? … எத்தன மணிக்குள்ள? … உங்க பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

வெளியே வந்தாள். கையில் சீட்டு. வானத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

“ஏழு மணிக்குள்ள ஸ்கூலுக்குப் போவணுமாம். வருமோ வராதோ தெரியாதாம். நான் மேலண்ட பக்கம் போறேன். ஆட்டோ சொல்லியாச்சு. நீங்க மைக் எடுத்துனு கீழத்தெருவுக்குப் போங்க.”

“கீழத்தெருவுக்கா? நானா?”

“நீங்கதான்.”

“எம் மூஞ்சில துப்புவாங்க கலா. நான் சொன்னா எவன் நம்புவான்?”

“துப்பட்டும். ஒவ்வொரு வீடா நின்னு சொல்லுங்க. நம்பற வரைக்கும் சொல்லுங்க.” செருப்பை மாட்டினாள், தைத்த செருப்பை. வாசலில் திரும்பி, “கவுன்சிலர் சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லுங்க” என்றாள்.

மைக் பரண்மேல் கிடந்தது. துடைத்து, பேட்டரி போட்டேன். தூறல் ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ வந்துவிட்டது.